ஒழுக்கத்தின் முதல் ஊற்று: வாழ்வின் தேவையா, வேதமா?

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை உயிரோடு நின்ற நாளில் மனிதன் இல்லை. அவனது சுவடு வெகு காலம் பிந்தியது. அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியான ஆய்வு கூறிற்று. அக்கருவியை ஏந்திய கை, வேட்டையாடிய உணவில் நோயுற்றவனுக்கும் பங்களித்ததா? கல் அதைச் சொல்லாது. எலும்பு ஓரளவு சொல்லும்.

இராக்கின் ஷானிதர் குகையில் 1957இல் கண்டெடுக்கப்பட்ட நியாண்டர்தால் மனிதர் வலக்கை செயலிழந்தவர். கடுங்காயங்கள் ஆறிப் பல்லாண்டு வாழ்ந்துள்ளார். பிறர் துணையின்றி இது இயன்றிராது என்பர் ஆய்வாளர். பரிவுடையோர் மிகுந்த கூட்டமே தழைக்கும் என்று டார்வின் 1871இல் வாதிட்டதும் இக்கருத்தையே சார்ந்தது.

இது கேட்டு நாம் கலங்க வேண்டியதில்லை. உணவுக்கும் பாதுகாப்புக்கும் மனிதன் பிறரைச் சார்ந்தே தீர வேண்டும் என்று 1377இல் 'முகத்திமா'வில் எழுதியவர் இப்னு கல்தூன். வேதம் பெறாத சமூகங்களும் அரசமைத்து வாழ்ந்தன என்பதையும் அவர் மறைக்கவில்லை. நன்மையை நாடும் இயல்பை 'ஃபித்ரா' என்கிறோம். அது எல்லா மனிதருக்கும் பொதுவானது. படைத்தவன் அதைத் தேவையின் வழியே மலரச் செய்தான் என்பதில் முரண் ஏதுமில்லை.

ஆயின் தேவை ஒன்றே போதுமா? பாலைவன அரபியர் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். இன்று நீர் தருபவன் நாளை நீர் தேடுவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்களுள் சிலரே வறுமைக்கு அஞ்சிப் பெண்மகவை உயிரோடு புதைத்தனர். விருந்தினரைக் காத்த அதே கணக்கு, குழந்தையைக் கைவிட்டது. குர்ஆன் கண்டித்தது அந்தக் கணக்கைத்தான். திருப்பித் தர இயலாதவருக்கும் உரிமை உண்டு என்று அது அறிவித்தது.

அக்கணக்கு இன்னும் மாளவில்லை. பெண்சிசுக்களைக் காக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

எனவே, மதம் அறியாதவனிடம் ஒழுக்கம் இராது என்று நாம் சொல்லோம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. விதை இயற்கையில் உள்ளது. தன் குலத்தின் வேலியைத் தாண்டி அதன் நிழலை விரிக்கவே வஹீ வந்தது. அந்த நிழல் நம் வாயிலோடு நின்றுவிடுமாயின், குறை வேதத்தினுடையதன்று, நம்முடையதே.