ரிவர்ஸ் எடுக்கிற பையனுக்கு முதுகும் கழுத்தும் பத்திரம்!

‘அம்மா, நான் லாரி ஓட்டக் கத்துக்கப் போறேன்!’

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இப்படி ஒரு மகன் வந்து நிற்காத தெருவே இருக்காது. உடனே அம்மாவின் கண்முன் வருவது நெடுஞ்சாலை, ராத்திரி, எதிரே வரும் வெளிச்சம்... ஆனால் பழகுகிற பையனின் உடம்பை முதல் ஆறு மாதத்தில் ஒரு வழி பண்ணுவது ஹைவேஸ் இல்லீங்க. குடோன் வாசலிலும் மார்க்கெட் சந்திலும் வண்டியைப் பின்னால் எடுக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான்! கழுத்து பிடிச்சுக்கிறது, இடுப்பு விண் விண்ணென்று வலிக்கிறது, இடது முழங்கால் நடுங்குகிறது என்று பையன் வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தால், ‘ரிவர்ஸ் பழகினியா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன்னால் லைசென்ஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். லாரி ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். கார் மாதிரி இலகு ரக வண்டிக்கான லைசென்ஸை ஒரு வருடமாவது கையில் வைத்திருந்தால்தான் லாரிக்கு எல்.எல்.ஆரே கிடைக்கும். கூடவே டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கிற கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. தெரிஞ்ச டாக்டர்தானே என்று பரிசோதனையே இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கிட்டப்பார்வை இருப்பதே தெரியாமல் திரிகிற பையன்கள் எத்தனையோ பேர். லாரிக் கண்ணாடியில் தெரிகிற சின்ன உருவத்தைக் கண் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தே தலைவலி வந்துவிடும்.

சரி, ரிவர்ஸுக்கு வருவோம்.

காரில் பின்னால் திரும்பிப் பார்த்தால் ரோடு தெரியும். லாரியில் திரும்பிப் பார்த்தால் தெரிவது கேபின் சுவர். அதற்குப் பின்னால் பத்து மீட்டர் நீளத்துக்கு பாடி. பையனுக்கு இருப்பதெல்லாம் இரண்டு சைடு கண்ணாடி. குவிந்த கண்ணாடி என்றால் பொருள் சின்னதாகத் தெரியும். அதனாலேயே நிஜத்தைவிடத் தள்ளி இருப்பதாக நினைக்க வைக்கும். ‘இன்னும் ரெண்டடி இருக்கு’ என்று நினைக்கும்போதே சுவரில் இடிப்பது இதனால்தான்.

நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். எனவே வலப் பின்பக்கம் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். இடப் பின்பக்கம் கிட்டத்தட்டக் குருட்டுப் பக்கம். முடிந்தவரை வலப்பக்கமாகவே பின்னால் வளைத்து எடுப்பது நல்லது. அதற்காக ஒரு ரவுண்டு சுற்றி வர வேண்டியிருந்தாலும் சுற்றி வரலாம், தப்பே இல்லை.

பின்பக்கம் வலப்புறம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கையும் வலப்புறம்தான் ஒடிக்க வேண்டும். இது காரில் பழகினதுதான். ஆனால் அப்போது வண்டியின் மூக்கு இடப்புறம் வீசும். பையன் கண் முழுக்கப் பின்னால் இருக்கும். முன்னால் டீக்கடைப் பந்தல் கம்பு போய்விடும்! டிரெய்லர் என்றால் எல்லாமே தலைகீழ். டிரெய்லரின் பின்பக்கம் வலப்புறம் போக ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்ப வேண்டும். இதில் குழம்பாதவர்கள் கிடையாது. சுலப வழி ஒன்று உண்டு: ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் பின்பக்கமும் போகும். கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பார்த்து, கோணல் தெரிந்தால் முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி வர வேண்டும். முன்னால் இழுப்பதைத் தோல்வி மாதிரி நினைத்து, கோணலாகவே பின்னால் அமுக்குகிறார்கள் பாருங்கள்... அங்கேதான் வண்டியும் கெடுகிறது, உடம்பும் கெடுகிறது.

உடம்பு எப்படிக் கெடும் என்கிறீர்களா? பயத்தில் இருக்கிற பையனைக் கவனியுங்கள். வலது ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டியிருப்பான். இடுப்பு ஒரு முறுக்கு, கழுத்து அதற்கு மேல் ஒரு முறுக்கு. வலது கை கதவைப் பிடித்திருக்கும். இடது கை மட்டும் ஸ்டியரிங்கை இழுக்கும். இடது கால் பாதி கிளட்ச்சில் தொங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்கே தெரியாது! முதுகெலும்பு வட்டுகளுக்கு முறுக்கும் பாரமும் சேர்ந்து வருவதைப் போலக் கெடுதல் வேறில்லை. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியில், நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பினால் தோள்பட்டைத் தசையும் பிடித்துக்கொள்ளும். வண்டி துளி நகரும்போது திருப்பினால் பாதி பலம் போதும். டயரும் தேயாது.

முதலில் சீட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்; இடுப்பு சீட்டை விட்டு எழும்பக் கூடாது. பின்பாக்கெட்டில் தடியான பர்ஸ் வேண்டாம், இடுப்பைக் கோணலாக்கிவிடும். கண்ணாடியைச் சரிசெய்வது அதற்கப்புறம்தான்! சீட்டை மாற்றினால் கண்ணாடியில் தெரிகிற காட்சியும் மாறிவிடும். கண்ணாடியின் உள் ஓரத்தில் சொந்த வண்டியின் பாடி ஒரு கீற்று தெரிய வேண்டும். பின் டயர் தரையைத் தொடும் இடமும் தெரிய வேண்டும். இப்படி வைத்துக்கொண்டால் தலையை வெளியே நீட்டுகிற வேலை பாதியாகக் குறையும்.

மீதிப் பாதிக்கு என்ன செய்வது? இறங்கிப் பார்ப்பதுதான். இதைச் சொன்னால் பசங்களுக்கு வெட்கம். குடோன் வாசலில் நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது, பின்னால் ஹாரன் அடிக்கும்போது, இறங்கிப் போய்ப் பார்ப்பது கௌரவக் குறைச்சலாம்! லாரிக்கு நேர் பின்னால் கோலி விளையாடுகிற குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இருபது வருஷ சர்வீஸ் போட்ட டிரைவரும் புது இடம் என்றால் இறங்கிப் பார்ப்பார். பையனுக்கு என்ன?

கிளீனர் தம்பி ‘வரட்டும்... வரட்டும்...’ என்று குரல் கொடுப்பது மட்டும் போதாது. அவன் கண்ணாடியில் தெரிகிற இடத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். லாரிக்கும் சுவருக்கும் நடுவே நிற்கவே கூடாது. அப்படி நின்று நசுங்கிப் போன உயிர்கள் உண்டு. கண்ணாடியில் அவன் மறைந்த அடுத்த விநாடி பிரேக். ‘எங்கடா போனே?’ என்று கேட்பதெல்லாம் வண்டி நின்றபிறகு.

பழகுவதற்குக் காலி மைதானமும் நாலு காலி பெயின்ட் டப்பாவும் போதும். டப்பா நசுங்கினால் நஷ்டமில்லை. ஒரேயடியாக இரண்டு மணி நேரம் பழகுவதைவிட, இருபது நிமிஷம் பழகி, இறங்கி நடந்து, தோளைத் தளர்த்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறுவது உடம்புக்கு இதம்.

இறங்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. கேபினிலிருந்து ‘தொப்’பென்று குதிப்பது ஸ்டைல் இல்லை. நாள் முழுக்க அதிர்வில் உட்கார்ந்த முதுகும் முழங்காலும் அந்த அடியைத் தாங்க வேண்டும். கேபினைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்து, ஏணியில் இறங்குவது போல இறங்க வேண்டும். இறங்கின சூட்டோடு தார்ப்பாயை இழுப்பது, மூட்டையைத் தூக்குவது கூடாது. நெடுநேரம் உட்கார்ந்ததில் இடுப்புத் தசைநார்கள் தளர்ந்திருக்கும். ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு அப்புறம் தூக்கலாம்.

இப்போது புதிதாகத் தயாராகிற லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். ஆனால் பழகுகிற பையனுக்குப் புது வண்டி யார் கொடுக்கப் போகிறார்கள்? பழைய வண்டியில் இன்ஜின் சூடு காலில் அடிக்கும், வேர்வை ஊற்றும். நிறுத்த இடமில்லை என்று தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் நாளடைவில் கல்லும் கிருமித் தொற்றும் வரலாம். இன்னொன்று... டியூப் போட்டு வாயால் டீசல் உறிஞ்சுவது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து! தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு.

தூக்கத்துக்கு ஒரு கணக்கு: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டம் அனுமதிப்பதே 30 மில்லிகிராம்தான்! ராத்திரி முழுக்க லோடு ஏற்றின பையனிடம் விடியற்காலையில் ‘வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுடா’ என்று சாவியைக் கொடுக்கிற அண்ணன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாதாரணப் பிடிப்பு என்றால் ஓய்வு, வெந்நீர் ஒத்தடத்தில் சில நாளில் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் வலித்தாலோ, கையிலோ காலிலோ மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து டம்ளர் நழுவினாலோ எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். இடுப்பு வலியோடு தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்து, சிறுநீர் போவது தெரியாமலோ போக முடியாமலோ ஆனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று யாரிடமும் காட்டி ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள்.