கோடைக்கால அயல்நாட்டுப் பயிற்சியும் பொருளுதவியும்

சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், கடலூர்ப் பகுதி நெசவாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி எட்டும் தொலைவிற்கு வந்தது. ஆயினும், விடுமுறையில் அயல்நாடு சென்று பயில்வது செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நீங்கவில்லை.

அது முற்றும் சரியன்று. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாக, 2024 ஜூனில் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் பயின்றனர். கனடாவின் மைட்டாக்ஸ் நிறுவனம் பட்டப்படிப்பு மாணவர்க்கென 12 வார ஆய்வுப் பயிற்சியை, பயணச் செலவிற்கும் உதவி நல்கி நடத்தி வந்துள்ளது.

ஆனால், உதவி கிட்டினும் கைச்செலவு ஒழியாது. சாதாரணக் கடவுச்சீட்டுக்கே கட்டணம் 1,500 ரூபாய். வங்கிக் கல்விக்கடன் பெரும்பாலும் பட்டப்படிப்புக்கு உரியது. குறுகிய பயணத்திற்கு அதனை நம்பியிருத்தல் ஆகாது. பயிர்க்கடனை இதற்குத் திருப்பினால், அடுத்த பருவத்தில் விதைக்கும் உரத்திற்கும் திண்டாட நேரும்.

ஆதலின் உறுப்பினர்கள் செலவை மூன்றாகப் பிரித்தெழுதுக: உதவியாளர் நேரே செலுத்துவது, நாம் முன்செலுத்திப் பின்னர்த் திரும்பப் பெறுவது, முற்றும் நம்முடையது. பின்னிரண்டிற்கும், பிள்ளை கல்லூரியிற் சேர்ந்த ஆண்டே சங்கத்தில் தொடர்வைப்புத் தொடங்குவது நன்று. இடந் தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் தரகரை நம்பற்க. கல்லூரி வழியே உறுதி செய்துகொள்க. தறியையும் நிலத்தையும் அடகு வைக்காமலே நம் பிள்ளைகள் கடல் கடக்கலாம்.