முந்திரித் தோல் குடலுக்குள் போனால்

ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து மூட்டை மூட்டையாக முந்திரிக்கொட்டை தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. இந்த ஊர் பேக்கரிகளின் மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரையோடு முந்திரியும் வேண்டும். அதுவும் தோல் ஒட்டாத வெள்ளைப் பருப்பு. ஓட்டை உடைத்து எடுத்த பருப்பைச் சுமார் 70 டிகிரி சூட்டில் காயவைத்தால் செம்பழுப்புத் தோல் மொறுமொறுத்துக் கழன்றுகொள்ளும். எந்திரங்கள் வந்த பிறகும், மிச்சத் தோலை உரிப்பது பெரும்பாலும் பெண்களின் விரல்கள்தான்.

ஓட்டுக்காவது மதிப்பு உண்டு. அதன் எண்ணெய் பெயின்ட், பிரேக் லைனிங் வரை போகிறது. தோலின் பாடு அப்படியல்ல. கொஞ்சம் தோல் பதனிடப் போகும், கொஞ்சம் அடுப்புக்குப் போகும். சில இடங்களில் தேயிலைத் தூளிலும் களவாகக் கலந்திருக்கிறார்கள். கலப்படக்காரர்கள் அறிந்தார்களோ இல்லையோ, தேயிலையில் உள்ள கேட்டகின், எபிகேட்டகின் இரண்டுமே இந்தத் தோலிலும் தாராளமாக உண்டு. கடித்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு, அவை கோத்துக்கொண்டு உருவாகும் டானின்களுடையது.

சோதனைக் குழாயில் இந்தத் தோலின் சாறு ஆக்சிஜனேற்றத்தை நன்றாகவே தடுக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மாத்திரை விற்கக் கிளம்புவது அவசரம். தோலில் இருப்பதெல்லாம் இரத்தத்துக்கு வந்துவிடுவதில்லை.

எவ்வளவு வரும் என்று பார்க்க ஆய்வகங்களில் 'காக்கோ-2' என்ற செல்களை வளர்க்கிறார்கள். மனிதப் பெருங்குடல் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து எடுத்த வகை அது. நுண்துளைச் சவ்வின்மேல் சுமார் 21 நாள் வளரவிட்டால், சிறுகுடல் சுவரைப் போலவே நெருக்கமாக அடுக்கிக்கொண்டு நுண்விரல்களையும் நீட்டும். மேலே சாற்றை ஊற்றிக் கீழே கசிந்ததை அளக்கலாம். ஆனால் அங்கே பாக்டீரியா கிடையாது. கதையின் பாதி அங்கேதான் விடுபடுகிறது.

தனித்த எபிகேட்டகின் சிறுகுடல் சுவருக்குள் நுழைந்துவிடும். நுழைந்ததுமே செல்கள் அதன்மேல் சல்பேட்டையும் குளுக்குரோனிக் அமிலத்தையும் ஒட்டிவிடுகின்றன. ஒரு பங்கைக் குடலுக்கே திருப்பித் தள்ளியும் விடுகின்றன. இரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் இந்த மாற்றுருவம்தான். கேட்டகின் அந்த அளவுக்கு எளிதில் உட்புகுவதில்லை. மூன்று நான்கு கண்ணி கோத்த டானின் சங்கிலிக்கோ கதவு கிட்டத்தட்ட அடைப்பு; அது நேரே பெருங்குடலுக்கு இறங்கும்.

அங்கே பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. வளையங்களை உடைத்து வேலரோலாக்டோன் போன்ற சிறு மூலக்கூறுகளாக்கி விடுகின்றன. அவை சுலபமாக உட்கிரகிக்கப்படும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கதிரியக்கக் குறியிட்ட எபிகேட்டகினை ஆண் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முக்கால் பங்குக்கும் மேல் உடலில் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி பாக்டீரியா உடைத்துக் கொடுத்த துண்டுகள். ஆக, ஒரே தோலைத் தின்றாலும் உங்களுக்குக் கிடைப்பதும் எனக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குடிவைத்திருக்கும் பாக்டீரியாவைப் பொறுத்தது அது. மாத்திரை விளம்பரங்கள் இதைச் சொல்வதேயில்லை.

இன்னொன்றும் உண்டு. டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உணவிலுள்ள இரும்பையும் பிடித்து, குடல் உறிஞ்ச முடியாமல் செய்துவிடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. முந்திரித் தோல் பொடியைச் சத்துமாவில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது. கடைகளில் தோலோடு வறுத்து விற்கும் முந்திரியில் நாலைந்தைக் கொறிப்பதற்கு இந்தக் கவலை வேண்டாம். சாப்பாட்டு வேளையைத் தவிர்த்துக் கொறித்தால் இன்னும் நல்லது.