மார்ஃபின் கேட்டால் போதை அடிமையா?

அமெரிக்காவில் அரிவாள் செல் நோயாளி ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்து, எந்த ஊசி, எத்தனை மில்லிகிராம் என்று சரியாகச் சொன்னால், பல நேரம் சந்தேகப் பார்வைதான் கிடைக்கிறது. அநியாயம் இது. சிறுவயது முதல் அனுபவிக்கும் வலி. எந்த மருந்துக்கு அது கேட்கும் என்று அவருக்குத் தெரியாதா?

ஆக்சிஜன் குறையும்போது அவருடைய ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகும். சிவப்பணு விறைத்து அரிவாளாக வளையும். நுண்குழாய்கள் அடைபட்டு, ரத்தம் கிடைக்காத எலும்புக்குள் வலி குடைந்தெடுக்கும்.

மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்து நரம்புச் செல்லின் ஏற்பிகளைப் பற்றி வலிச் செய்தியைத் தடுக்கிறது. நாள்பட எடுத்தால் ஏற்பிகள் மந்தமாகும், பழைய அளவு போதாது. திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு. இவை யார் உடலிலும் நடப்பவை. வாழ்க்கை சீரழிவது தெரிந்தும் மருந்தை விட முடியாமல் தவிப்பதுதான் போதை நோய். அது அரிவாள் செல் நோயாளிகளிலும் சிலருக்கு வருகிறது. அப்போது புப்ரெநார்ஃபின் என்ற மருந்து உதவும்: ஏற்பியை ஓரளவே தூண்டுவதால் மூச்சு அடங்கும் ஆபத்து குறைவு, வலியும் தணியும்.

ஓபியாய்டைக் குறைக்கச் சொன்ன அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2016 வழிகாட்டி இவர்களையும் வாட்டியது. 2022 பதிப்பு அரிவாள் செல் வலிக்கு வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. அவசரப் பிரிவுக்கு வந்த 1 மணி நேரத்துக்குள் வலிமருந்து தரவேண்டும் என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கம்.