அக்கரையில் அம்மா

திருச்சி மலைக்கோட்டைச் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதை தெரியும்தானே? மகள் ரத்னாவதியின் பிரசவத்துக்குப் புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, அந்தத் தாயின் உருவிலேயே வந்து பேறுகாலம் பார்த்தாராம் ஈசன். சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் அவருக்கு வாழைத்தார் படைக்கிறார்கள்.

வலி எடுக்கும் நேரத்தில் தெரிந்த கை ஒன்று பக்கத்தில் இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்கின்றன ஆய்வுகள். கர்ப்பிணி விரும்பும் துணை உடனிருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. தமிழக அரசு மருத்துவமனைகளிலோ பிரசவத் துணைத் திட்டம் 2004-இலேயே வந்துவிட்டது!

ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவே காவிரியின் மேல் இப்போது பாலம் இருக்கிறது. அம்மா வந்துவிடுவார். உடனிருக்கப் போவது அவரா, அத்தையா என்பதை மட்டும் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.