திருகாணியா, பசையா?

1960களின் தொடக்கத்தில் மும்பையில் ஒரு வீட்டில், ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் செய்த மிக்ஸர் எரிந்துபோனது. ஐரோப்பியச் சமையலறையை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. ஊறிய பருப்பையும் காய்ந்த மிளகாயையும் அதில் போட்டு அரைத்தால் மோட்டார் எத்தனை நாள் தாங்கும்? அதைச் சரிசெய்து தர இந்தியாவில் ஆளும் இல்லை, ஸ்பேரும் இல்லை. வீட்டுக்காரர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். நம் சமையலைத் தாங்கும் கருவியைத் தாமே செய்துவிடுவதாக மனைவி மாதுரியிடம் சொன்னார், செய்தும் காட்டினார். 1963இல் மாதுரியின் முனைப்பில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து பின்னாளில் வந்ததுதான் சுமீத் மிக்ஸி.

இட்லி மாவு, சட்னி, மசாலா என்று தென்னிந்தியச் சமையலறைகளில் மிக்ஸி பிடித்த இடம் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அதன் உள்ளமைப்பு. ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவே ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு கப்ளர் இருக்கிறது. பிளேடு சிக்கிக்கொண்டால் முதலில் தேய்வதும் உடைவதும் அதுதான். மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் அந்தத் துண்டு போய், விலை கூடிய மோட்டார் பிழைக்கிறது. கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம். ஜார் ஒழுகினால் புஷ் மாற்றலாம். காயில் கருகினால்கூடத் திரும்பக் கட்டிவிடலாம். அடியில் உள்ள திருகாணிகளைக் கழற்றத் தெரிந்த எந்த ஊர்க் கடைக்காரரும் இதையெல்லாம் செய்துவிடுவார். எது முதலில் பழுதாக வேண்டும், அதை எப்படி மாற்ற வேண்டும் என்பதை வடிவமைத்தவர் முன்பே யோசித்திருக்கிறார்.

ரிப்பேர் நடப்பது பட்டறையில்தான். ஆனால் ஒரு பொருளை ரிப்பேர் செய்ய முடியுமா, முடியாதா என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே வடிவமைப்பாளரின் மேசையில் முடிவாகிவிடுகிறது. உலகத் தொழில் வடிவமைப்புத் துறையில் இன்று நடக்கும் முக்கியமான விவாதங்களில் ஒன்று இதைப் பற்றியதுதான். ஆய்வுக்கூடம், நாடாளுமன்றம், தொழிற்சாலை என்று அது பரவிவிட்டது.

கையில் இருக்கும் செல்போனையே எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நகத்தால் நெம்பினால் பின்மூடி கழன்று வரும். பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்வோம். இன்றைய போன்களில் பெரும்பாலானவை கண்ணாடியும் உலோகமும் பசையால் ஒட்டப்பட்ட ஒற்றைப் பலகை. திறக்க வேண்டுமானால் விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, உறிஞ்சுகுமிழ் வைத்து இழுத்து, மெல்லிய பிளாஸ்டிக் வில்லையை நுழைத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினாலும் டிஸ்ப்ளே போய்விடும். லித்தியம் பேட்டரியோ சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பிறகு வலுவிழக்கத் தொடங்கும் பொருள். கட்டாயம் தேயும் பாகத்தை, எடுக்கவே முடியாதபடி உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. பசை இடத்தை மிச்சப்படுத்துகிறது, போன் மெலிகிறது. தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது. தொழிற்சாலையில் வேலை விரைவாக முடிகிறது. ஆனால் சாம்சங் 2014இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்5 கழற்றக்கூடிய பின்மூடியும் மாற்றக்கூடிய பேட்டரியும் கொண்டது. அதே போன் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரச்சான்றும் பெற்றிருந்தது. மூடியின் உட்புறம் ஓடிய ரப்பர் விளிம்புதான் அதன் ரகசியம். ஆக, நீர்ப்பாதுகாப்பு வேண்டுமென்றால் பேட்டரியைப் பூட்டித்தான் ஆக வேண்டும் என்ற வாதம் முழு உண்மை அல்ல.

பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்த கதைக்கு நூறு வயது. 1920களின் நடுவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பல்பு நிறுவனங்கள் ஜெனிவாவில் கூடி, ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. வீட்டு பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்பது அவர்களின் உடன்பாடு. அதைவிட நீண்டு எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம் உண்டு. இரண்டாம் உலகப் போரோடு கூட்டணி கலைந்தது. 1954இல் அமெரிக்க வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வேறொரு வழியைப் பிரபலமாக்கினார்: பொருள் கெட வேண்டிய அவசியமே இல்லை, இன்னும் கொஞ்சம் புதியது வேண்டும் என்ற ஆசையை வாங்குபவரிடம் உண்டாக்கினால் போதும். ஆண்டுதோறும் புது மாடல் வரும் சந்தை அந்த எண்ணத்தில்தான் ஓடுகிறது.

அதே காலத்தில் எதிர்த்திசையில் சிந்தித்தவர் டீட்டர் ராம்ஸ். 1955இல் பிரவுன் நிறுவனத்தில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அதன் வடிவமைப்புப் பிரிவை நடத்தியவர். நல்ல வடிவமைப்புக்கு அவர் வகுத்த பத்து நெறிகளில் ஒன்று, பொருள் நீடித்து உழைக்க வேண்டும் என்பது. 1960இல் அவர் வடிவமைத்த 606 என்ற அலமாரித் தொகுதியை விட்சோ நிறுவனம் இன்றும் செய்து விற்கிறது. சுவரில் பொருத்திய தண்டுகளில் பலகைகளை விருப்பம்போல் மாட்டலாம், கழற்றலாம். வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய தொகுதியோடு இன்று வாங்கும் பலகை பொருந்தும். புதுமை என்பதற்காகப் பழையதைச் செல்லாததாக்காத இந்தப் பொறுமை, இன்றைய மின்னணுப் பொருட்களில் அரிதாகிவிட்டது.

அந்தப் பொறுமை இல்லாததன் விலை குப்பைமேட்டில் தெரிகிறது. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்வாசிக்கும் குறைவு.

இதை எதிர்த்து முதலில் கிளர்ந்தெழுந்தவர்கள் வடிவமைப்பாளர்கள் அல்லர், பயன்படுத்துபவர்கள். 2003இல் கலிஃபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள், பழுதான ஆப்பிள் மடிக்கணினிக்குச் செய்முறைக் கையேடு கிடைக்காமல் தாமே எழுதத் தொடங்கியதிலிருந்து பிறந்தது ஐஃபிக்ஸிட். இன்று புதிய போன் வந்தவுடன் அதைப் பிரித்துப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் அமைப்பு அது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா முதல் ‘ரிப்பேர் கஃபே’யை நடத்தினார், அக்கம்பக்கத்தார் பழுதான பொருளோடு வந்து, தெரிந்தவரோடு உட்கார்ந்து சரிசெய்யும் இடம். அமெரிக்க உழவர்களின் போராட்டம் இன்னும் கடுமையானது. அறுவடை நேரத்தில் டிராக்டர் நின்றால், அதன் மென்பொருளைத் திறக்கும் உரிமை நிறுவனத்தின் ஆளுக்கு மட்டுமே என்ற நிலை. 2023இல் கொலராடோ மாநிலம் உழவுக் கருவிகளைச் சரிசெய்யும் உரிமைக்கென்றே சட்டம் இயற்றியது.

பிரான்ஸ் எடுத்த வழி வடிவமைப்பாளர்களை நேராகத் தொட்டது. செல்போன், மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை எந்திரம் போன்றவற்றின் விலைச்சீட்டருகே பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட வேண்டும் என்ற விதி 2021 ஜனவரியில் அங்கே வந்தது. கழற்றுவது எத்தனை எளிது, எந்தக் கருவிகள் தேவை, கையேடு தருகிறார்களா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், அதன் விலை புதுப்பொருளின் விலையில் எத்தனை பங்கு என்பதையெல்லாம் கணக்கிட்டு வரும் எண் அது. இதில் உதிரிபாக விலையைச் சேர்த்ததுதான் நுட்பமான வேலை. எத்தனை எளிதாகக் கழன்றாலும், டிஸ்ப்ளேயின் விலை புது போனின் விலையை நெருங்கினால் யாரும் மாற்றப் போவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் அடுத்தடுத்து விதிகளைக் கொண்டுவந்தது. 2024 டிசம்பர் முதல் அங்கே விற்கும் புதிய போன்களில் யூஎஸ்பி-சி சார்ஜர் துளை கட்டாயம். 2025 ஜூன் 20 முதல், 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சியிருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகளோடு, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே துணிந்து இறங்கியது நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன். 2015இல் அது வெளியிட்ட இரண்டாவது போனில் டிஸ்ப்ளே, கேமரா, பேட்டரி எல்லாம் தனித்தனித் தொகுதிகள். ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் 2021இல் கொண்டுவந்த மடிக்கணினி, பெட்டிக்குள்ளேயே ஒரு திருப்புளியோடு வருகிறது. உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் கியூஆர் குறியீடு; போனால் படம்பிடித்தால் அதை மாற்றும் வழிமுறை வந்து நிற்கும். வேகம் போதவில்லையென்றால் மெயின் போர்டை மட்டும் மாற்றினால் போதும். இவை பெருநிறுவனங்களின் கருவிகள் அளவுக்கு மெலிந்தவையும் அல்ல, மலிவானவையும் அல்ல. ஆனால் முடியாது என்று சொல்லிவந்தவர்கள் முன்னால் செய்து காட்டிய சான்றுகள் இவை.

பெரிய நிறுவனங்களும் அசைந்திருக்கின்றன. பசையை விட முடியாதென்றால் பசையையே மாற்றலாம் என்று ஆப்பிள் யோசித்தது. 2024இல் வந்த ஐஃபோன் 16இல் பேட்டரியை ஒட்டியிருக்கும் பசைக்கு 9 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் சுமார் ஒன்றரை நிமிடத்தில் பிடிப்பு விட்டுவிடும். ஹீட் கன் வேண்டாம், நெம்ப வேண்டாம். சட்டத்தின் நெருக்குதல் இல்லாமல் இது வந்திருக்குமா என்பது ஐயமே. ஆனாலும் நல்ல வடிவமைப்பு இது.

ஆனால் பூட்டு இப்போது பசையிலிருந்து மென்பொருளுக்கு இடம் மாறுகிறது. ஒரே மாடலில் உள்ள இரண்டு போன்களின் டிஸ்ப்ளேயை இடம் மாற்றிப் போட்டாலும், வரிசை எண் ஒத்துப்போகவில்லை என்று சில போன்கள் எச்சரிக்கும். சில வசதிகள் நின்றுபோகும். கடைக்காரரின் கைத்திறமை இங்கே பயன்படாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இத்தகைய பாக இணைப்புப் பூட்டுக்குத் தடை விதித்துச் சட்டம் கொண்டுவந்தது. ரிப்பேர் உரிமை பேசுபவர்கள் இனி அதிகம் கவனிக்க வேண்டிய களம் இதுதான்.

பழைய வகைப் பூட்டும் போய்விடவில்லை; சலவை எந்திரத்தில் அதைக் காணலாம். டிரம் சுழலத் தாங்கும் பேரிங் தேய்வது இயல்பு. முன்பு வெளித்தொட்டியின் இரு பாதிகளும் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருந்தன. பிரித்து பேரிங்கை மாற்றலாம். இன்று பல மாடல்களில் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஒரு சின்ன பேரிங் தேய்ந்ததற்காகத் தொட்டியும் டிரம்மும் சேர்ந்த முழுத்தொகுதியையும் வாங்க நேர்கிறது. செலவைக் கேட்டதும் வீட்டார் புது எந்திரம் வாங்கிவிடுகிறார்கள்.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ரிப்பேர் உரிமைக்கெனக் குழு அமைத்து, உழவுக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. பிரான்ஸைப் போல மதிப்பெண் முறை வகுக்க அமைத்த இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் சால்டரிங் இரும்பைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கைவேலை கற்றுத்தர வேண்டியதில்லை. நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் சென்டருக்கு மட்டும் தரும் சர்க்யூட் வரைபடமும் அசல் ஸ்பேரும் நியாயமான விலையில் அவர்கள் கைக்கும் வர வேண்டும். மதிப்பெண் முறை நடைமுறைக்கு வரும்போது, அந்த எண்ணைத் தீர்மானிக்கும் கணக்கில் தெருக்கடைக்குப் பாகம் விற்கிறார்களா என்ற கேள்விக்கும் இடம் இருக்க வேண்டும்.