முதியோர் பயின்ற கல்விமனை

கல்வி இளமைப் பருவத்துக்கே உரியதென்று கருதுவார் பலர். இல்லறத்திலும் தொழிலிலும் ஈடுபட்டவர் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கப் புகுதல் நகைப்புக்கிடமாகும் என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் பிழையென்பதைச் செயலாற் காட்டிய நிலையமொன்று 1920-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிராங்பர்ட் நகரில் தோன்றிற்று. வயது வந்த யூத மக்களுக்கு அவர்தம் சமயத்தையும் எபிரேய மொழியையும் பயிற்றுவதே அதன் நோக்கம். அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அக்காலத்து ஜெர்மானிய யூதர் கல்வியிற் குறைந்தவரல்லர். வைத்தியம், சட்டம், வாணிகம், நூலியற்றல் முதலிய துறைகளில் அவருட் பலர் சிறந்து விளங்கினர். ஆயினும், தம் முன்னோரது திருமறையை மூலமொழியில் ஓதியுணர வல்லார் அவருட் சிலரே. பிறர் கலையெல்லாம் கற்றும் தம் இல்லத்துப் பொருளை அறியாத நிலை இது.

இந்நிலையை நன்குணர்ந்தவர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் (1886–1929) என்பார். ஹெகல் என்னும் தத்துவ ஞானியின் அரசியற் கொள்கையை ஆராய்ந்து புகழ் பெற்ற இவர், 1913-இல் கிறிஸ்து சமயத்தைத் தழுவ எண்ணி, பின்னர்த் தம் முன்னோர் சமயத்திலேயே நிலைபெறத் துணிந்தார். அதன்பின்னரே யூத நூல்களை ஆழ்ந்து கற்கலானார். சர்வகலாசாலைப் பதவியை நாடாது, முதியோர்க்குக் கற்பித்தலையே தம் தொழிலாகக் கொண்டார்.

அவர் நிறுவிய நிலையத்துக்கு 'லேர்ஹவுஸ்', அதாவது கல்விமனை, என்பது பெயர். புகுமுகத் தேர்வு யாதும் அங்கில்லை. விரும்பியோர் கட்டணம் செலுத்திச் சேரலாம். பண்டை முறையில் மாணவன் மறையினின்று தொடங்கி வாழ்க்கைக்கு வருவான். இங்கோ, வாழ்க்கையில் தான் நிற்கும் இடத்தினின்று தொடங்கி மறையை நோக்கிச் சென்றான். ஆசிரியரும் உடன் கற்பவரே. இரசாயன அறிஞரான எடுவர்ட் ஸ்ட்ராஸ் வேதாகம வகுப்பு நடத்தினார். மார்ட்டின் பூபர் 1922 முதல் விரிவுரையாற்றினார். கெர்ஷோம் ஷோலெம் 1923-இல் எபிரேய நூல்களைப் பாடஞ் சொன்னார். மிக்கு விளங்கிய காலத்தில் மாணவர் தொகை ஏறக்குறைய 1,100 ஆயிற்று.

மொழிபெயர்ப்பு இருக்க, மூலமொழியைப் பயிலுவதெற்றுக்கு எனின், ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். எபிரேயத்தில் 'ரூஆக்' என்னும் ஒரு சொல் காற்று, மூச்சு, ஆவி என்னும் பொருள்களைத் தரும். மொழிபெயர்ப்போர் இடத்துக்கேற்ப அவற்றுள் ஒன்றைக் கொள்ள, ஏனையவை மறைந்தொழியும். தமிழில் 'ஆவி' என்னும் சொல் உயிரையும் மூச்சையும் நீராவியையும் குறித்தலை அறிந்த நமக்கு இவ்விழப்பு எளிதில் விளங்கும்.

1922-இல் ரோசன்ஸ்வைக்கைக் கொடிய வாதநோய் பற்றிற்று. கை எழுதும் ஆற்றலையும் நா பேசும் ஆற்றலையும் இழந்தன. எனினும் அவர் 1925-இல் பூபரோடு சேர்ந்து எபிரேய மறையை ஜெர்மானிய மொழியிற் பெயர்க்கத் தொடங்கி, 1929-இல் இறக்குமளவும் அப்பணியை விட்டிலர். அதனைப் பூபர் 1961-இல் முடித்தார்.

இதற்கிடையே வகுப்புக்கள் அருகிக் கல்விமனையும் ஓய்ந்திருந்தது. 1933-இல் ஹிட்லர் ஆட்சி யூதரைப் பதவிகளினின்றும் கல்விக்கூடங்களினின்றும் விலக்கத் தலைப்பட்டபோது, பூபர் அதனை மீண்டும் திறந்தார். பிறந்த நாடே புறந்தள்ளிய மக்கள், தாம் யாரென அறிந்து தலைநிமிர்ந்து நிற்றற்கு அவ்விடம் துணைசெய்தது. அதற்கும் 1938-இல் முடிவு நேர்ந்தது. அங்குப் பயின்றோருள் நாடு கடந்து உய்ந்தாரும் உளர். கொலைக்களம் புக்காரும் உளர்.

அறியாமையை ஒளித்தல் முதியோர் இயல்பு. அதனை வெளிப்படக் கூறி, முதலெழுத்தினின்று தொடங்குவார்க்கு அதுவே கல்வியின் வாயிலாகும் என்பதை இக்கல்விமனை உணர்த்துகின்றது. துன்பம் வந்தபின் வேர் தேடுவது அரிது. அது வருமுன்னரே 1920-இல் தேடத் தொடங்கியமையால் அன்றோ, 1933-இல் அம்மக்களுக்குத் திறத்தற்கு ஒரு கதவு இருந்தது!